நாலு நிறத்தில் சீட்டு போட்டீர்களே, அதில் எது உங்கள் தண்ணீருக்கு?

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு. மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் தலைவி. ஊர்ப் பெயர் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவர் தெருவில் அறுபது வீடுகள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு அதுதான் கடைசி முனை. மற்ற தெருக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. இவர்களுக்கு வாரத்தில் ஒருநாள், அதுவும் சொட்டுச் சொட்டாக. சாக்கடை கிடையாது. பெரிய சாலைக்குப் போகிற இணைப்புச் சாலை பெயர்ந்து கிடக்கிறது. மூன்று வருடமாக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நடந்தார்கள், 'பார்க்கலாம்மா' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எம்.பி.யை நேரில் பார்த்ததே இல்லை. ஒன்றியக் கவுன்சிலர் பதவியில் இருந்தபோது 'இது என் நிதியில் வராது' என்றார். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, ஆனால் ஐந்து வருடமும் நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்த அம்மாவின் கணவர். 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. இப்போது போய்க் கேட்டால் ஊராட்சிச் செயலர், 'தலைவரே இல்லை, தேர்தல் முடியட்டும்' என்கிறார்.

இதற்கு நடுவில் ஒரு கட்சிக்காரர், 'உங்க பூத்துல எங்களுக்கு எவ்வளவு விழுந்துச்சுன்னு லிஸ்ட் இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். கோபத்தில் தெருவே வீட்டு வரி கட்டுவதை நிறுத்திவிட்டது. அடுத்த தேர்தலைப் புறக்கணிக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. சகோதரி கேட்பது: இதற்கெல்லாம் யார் பொறுப்பு? நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று நிஜமாகவே தெரியுமா? ஊரே கையெழுத்துப் போட்டு எம்.எல்.ஏ.வின் பதவியைப் பறிக்க முடியுமா? புறக்கணிப்பால் பலன் உண்டா? கடைசி வரியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "அடுத்த தடவை நானே வார்டுக்கு நின்றால் என்ன?"

அன்புச் சகோதரி,

2019 டிசம்பரில் நீங்கள் ஓட்டுப் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். உங்கள் கையில் நாலு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தனியே போடுவதைச் சேர்த்தால் உங்களுக்கு ஆறு பேர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக நீங்கள் போய் நின்றது பெரும்பாலும் ஒரே வாசலில். உங்கள் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சட்டப்படி அதிகாரம் இருப்பது அந்த வாசலில் இல்லை. வெள்ளைச் சீட்டும் இளஞ்சிவப்புச் சீட்டும் போட்டீர்களே, அந்த இடத்தில் இருக்கிறது.

இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருகிறவர் எம்.எல்.ஏ.; பேனரில் இருப்பவரும் அவர்தான். எல்லா வேலையையும் தான் செய்வதாக ஓட்டுக் கேட்கும்போது அவரே சொல்லிக்கொள்கிறார். அப்புறம் ஜனங்கள் வேறு யாரிடம் போவார்கள்?

எந்த வேலை யாருடையது

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110ஆவது பிரிவைப் பாருங்கள். கிராமச் சாலைகள், தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, சுடுகாடு, குடிநீர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது கிராம ஊராட்சியின் 'கடமை' என்று அது சொல்கிறது. அடுத்த பிரிவான 111இல் வருகிறவை ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற வகை. உங்கள் குறைகளில் இரண்டு கடமைப் பட்டியலிலேயே இருக்கின்றன. 'நிதி வரம்புக்கு உட்பட்டு' என்ற சொற்களும் அதே பிரிவில் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் பல ஊராட்சிகள் கையை விரிக்கின்றன. ஆனால் உங்கள் தண்ணீர்ப் பிரச்சினையில் நிதி எவ்வளவு தூரம் தடை என்று எனக்குச் சந்தேகம். ஒரே தொட்டி, ஒரே குழாய், மற்ற தெருக்களுக்கு வருகிறது என்றால் அது பெரும்பாலும் கேட் வால்வை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்ற முறை வைக்கும் விஷயம். தொட்டி இயக்குபவர் ஊராட்சியின் கீழ் வேலை செய்கிறவர். வழியில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்பதையும் பாருங்கள். கடைசி முனைத் தெருக்கள் வறண்டு போக அடிக்கடி அதுதான் காரணம், அதைத் தடுக்க வேண்டியதும் ஊராட்சிதான். தொட்டிக்கே போதிய தண்ணீர் ஏறவில்லை, அது கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறது என்றால் மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்க வேண்டும்.

இணைப்புச் சாலை வேறு கதை. அது கிராம ஊராட்சிச் சாலையாக இருக்கலாம், ஒன்றியச் சாலையாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். பார்த்தால் தெரியாது, பதிவேட்டில்தான் தெரியும். ஒன்றியக் கவுன்சிலர் 'என் நிதியில் வராது' என்று சொன்னது தண்ணீரைப் பற்றியா சாலையைப் பற்றியா என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீரைப் பற்றி என்றால் அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. சாலையைப் பற்றி என்றால், அது ஒன்றியச் சாலையா என்று பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எம்.எல்.ஏ., எம்.பி. இருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. இந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. இன்ன வேலையைச் செய்யுங்கள் என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள். மதிப்பீடு போடுவது, அனுமதி தருவது, வேலை நடத்துவது எல்லாம் மாவட்ட நிர்வாகம். இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் உள்ள தொகுதிக்கு 3 கோடி எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதனால் அவரிடம் 'எங்கள் ஊருக்கு எதாவது செய்யுங்கள்' என்று கேட்டால் 'பார்க்கலாம்மா'தான் வரும். 'இன்ன தெருவில் இத்தனை மீட்டர் சாக்கடை, ஊராட்சியில் நிதி இல்லை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் நிதியில் பரிந்துரை செய்யுங்கள்' என்று கேட்டால் அவர் ஆமாம் அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். மாநிலங்களவை எம்.பி.க்களும் இதே நிதியை, தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். தமிழ்நாட்டுக்கு அவர்கள் 18 பேர். அவர்கள் வீட்டு வாசலில் கூட்டமே இருக்காது.

எம்.பி.யிடம் நிதியைத் தவிர இன்னொரு பிடியும் உண்டு. மத்திய அரசுத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று பார்க்க 'திஷா' என்ற கண்காணிப்புக் குழு இருக்கிறது. அதற்கு மக்களவை உறுப்பினர்தான் தலைவர். வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் அந்தக் குழு பார்க்கும் வேலைகளில் ஒன்று. உங்கள் தெருவுக்கு அந்தத் திட்டத்தில் இணைப்பு கொடுத்ததாகக் கணக்கில் இருந்து, தண்ணீர் மட்டும் வராமல் இருந்தால், எம்.பி.க்கு எழுத வேண்டிய சரியான விஷயம் அதுதான்.

'தலைவரே இல்லை' என்பது பதில் ஆகாது

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்று மூன்று அடுக்கின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு அரசு தனி அலுவலர்களை நியமித்தது. கிராம ஊராட்சிகளுக்கு அந்தப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. தலைவருக்கும் மன்றத்துக்கும் என்னென்ன அதிகாரம் உண்டோ அத்தனையும் தனி அலுவலருக்கு வருகிறது. அதிகாரம் வந்தால் கடமையும் கூடவே வரும். 110ஆவது பிரிவு தேர்தல் வரைக்கும் தூங்கப் போகவில்லை. ஆகவே செயலர் சொன்னதை நீங்கள் நம்பித் திரும்பி வந்திருக்க வேண்டியதில்லை.

தேர்தல் நடத்தாமல் இருப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதே என் கருத்து. அரசியலமைப்பின் 243இ பிரிவு, ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 2006இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், இந்தக் கெடுவைத் தவறவிட மாநிலத் தேர்தல் ஆணையம் சாக்குச் சொல்லக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. ஆனாலும் நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் காலியான நாற்காலிகள் 2019 கடைசி வரை காலியாகவே இருந்தன. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வரும். உங்கள் குழாய் அதுவரை காத்திருக்க முடியாது.

தனி அலுவலர் காலத்தில் கிராம சபை கிடையாது என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் தவறு. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்தது. தலைவரோடு அது கலைவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம் நடத்துவதாக ஏற்பாடு. சில சமயம் தேதி தள்ளிப்போகும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 100 பேர் வர வேண்டும். 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். உங்கள் தெருவில் அறுபது வீடு, வீட்டுக்கு இரண்டு பேர் வந்தாலே கூட்டத்தின் பெரும்பகுதி நீங்கள்தான். மகளிர் குழுத் தலைவிக்கு ஆள் திரட்டுவதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பல ஊர்களில் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் கேளுங்கள். தீர்மானத்தில் 'குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது' என்று இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 'இன்ன தெருவின் அறுபது வீடுகளுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்தது இவ்வளவு நேரம் தண்ணீர் விட வேண்டும், முறைப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்' என்று இருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானம் போட்டால் உடனே எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நடக்காதபோது மேலே போவதற்கு அதைவிட நல்ல காகிதம் உங்களுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்த 'லிஸ்ட்' பற்றி

நீங்கள் தனிப்பட்ட முறையில் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவுப்படி, யாருக்கு வாக்களித்தாய் என்று எந்தச் சாட்சியையும் நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கட்சிக்காரர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்பது படிவம் 20இல் வெளிவருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு சாவடியில் ஆயிரத்துச் சொச்சம் பேர். இரண்டு மூன்று தெரு சேர்ந்தது. அதைப் பார்த்துத் 'தெரு நமக்குப் போடவில்லை' என்று ஒருவர் ஊகிக்க முடியும். இதைத் தடுக்கத்தான் பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் அதை ஆதரித்தது. இதுவரை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே பயம் வேண்டாம், ஆனால் அசட்டையும் வேண்டாம். அடுத்த தடவை யாராவது அப்படிப் பேசினால் தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். 'எனக்குப் போடாவிட்டால் தண்ணீர் வராது' என்று தேர்தல் சமயத்தில் மிரட்டுவது தேர்தல் தொடர்பான குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 171, 174 பிரிவுகளில் வருகிறது. தேர்தல் இல்லாத நாளில் சொன்னதற்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. அதை வைத்து வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தால் அதிகாரிகள் கவனிப்பார்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் வராததற்குச் சாதிதான் காரணம் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால், பொதுக் குழாயையோ நீர்நிலையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி என்றால் நான் இங்கே சொல்வது போதாது, நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கையெழுத்து வாங்கிப் பதவி பறிப்பது

முடியாது. எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ வாக்காளர்கள் திரும்ப அழைக்கும் உரிமை நம் நாட்டில் இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஹரியானா போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சி அளவில் ஒரு மாதிரியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. ஊராட்சித் தலைவர் கடமை தவறினால், ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, ஊராட்சி மன்றத்தின் கருத்தையும் பெற்று நீக்கலாம். மக்கள் செய்யக்கூடியது ஆதாரத்தோடு புகார் தருவதுதான். கையெழுத்து இயக்கத்தில் செலவாகிற உழைப்பை வேறு இடத்தில் போடுங்கள்.

புறக்கணிப்பும் வரி மறுப்பும்

பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிலமே போகப்போகிற ஊர் அது; அவர்கள் பேசியது மாநில, மத்திய அரசுகளோடு. நாடே திரும்பிப் பார்த்தது. உங்கள் விஷயம் அந்த அளவில் இல்லை, நான் இப்படிச் சொல்வதால் கோபப்படாதீர்கள். குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பேர் போட்டால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் அறுபது வீடும் போடாவிட்டால் வேறு யாரோ ஜெயிப்பார். படிவம் 20இல் உங்கள் சாவடியில் வாக்கு குறைந்திருக்கும். அந்த 'லிஸ்ட்'காரருக்கு உங்கள் தெரு இன்னும் கணக்கில்லாத தெருவாகிவிடும். உள்ளாட்சித் தேர்தலில் நிலைமை இதற்கு நேர்மாறு. ஒரு வார்டில் சில நூறு ஓட்டுத்தான். இருபது ஓட்டில் ஜெயிக்கிற இடத்தில் அறுபது வீட்டின் ஓட்டை வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொல்லும் பெரியவர்களின் யோசனை எனக்குப் புரியவே இல்லை.

புறக்கணிப்பு என்ற பெயரில், ஓட்டுப் போடப் போகிறவரைத் தடுத்தாலோ, ஊர்க்கட்டுப்பாடு, அபராதம் என்று பேசினாலோ அது குற்றமாகிவிடும். அதேபோல் சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு ஏலம் விட்டு, எடுத்தவரைப் போட்டியின்றி நிறுத்துகிற பழக்கம் இருக்கிறது. உங்கள் ஊர்க்கூட்டத்திலும் அந்தப் பேச்சு வரலாம், புறக்கணிப்புக்கு அடுத்த படி பெரும்பாலும் அதுதான். போட்டியிலிருந்து விலகுவதற்குப் பணம் கைமாறினால் அது லஞ்சம், கோயிலுக்குக் கொடுத்தாலும்.

வீட்டு வரியை நிறுத்தியதைக் கேட்டுத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். கோபம் புரிகிறது. ஆனால் தண்ணீர் வரவில்லை என்பது வரி கட்டாமலிருக்கச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணம் இல்லை. 'நிதி இல்லை' என்று கையை விரிக்கிற ஊராட்சிக்கு நீங்களே ஒரு சாக்கை எடுத்துக் கொடுக்கிறீர்கள். நாளைக்கு மனுவோடு போனால் முதலில் வரும் கேள்வி 'வரி கட்டினீங்களா?' என்பதாகத்தான் இருக்கும்.

இனி எந்த வழியில் போவது

மூன்று வருடத்தில் எழுத்தில் எத்தனை மனு கொடுத்தீர்கள், ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு எழுதுங்கள். தண்ணீர், சாக்கடை, சாலை மூன்றுக்கும் தனித்தனியாக. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் அது மூன்று மேசைக்கு நடுவில் காணாமல் போகும். எத்தனை வீடு, எந்த வால்வுக்குப் பிறகு வரவில்லை, கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் வந்தது என்று எழுதுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள் அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று கொடுங்கள். அங்கே எண் போட்டுத் தருவார்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றைக் கேட்பேன்: இந்த இணைப்புச் சாலை எந்த அமைப்பின் சாலைப் பதிவேட்டில் உள்ளது? கடைசியாக எந்த ஆண்டு, எந்த நிதியில் பராமரிக்கப்பட்டது? எங்கள் தெருவுக்குக் குடிநீர் விடும் முறைப் பட்டியலின் நகல், ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊராட்சியில் கொடுத்ததாகக் கணக்கில் உள்ள இணைப்புகளின் விவரம். 'ஏன் எங்களுக்குத் தண்ணீர் விடவில்லை?' என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகு எம்.எல்.ஏ.விடம் போங்கள். அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆட்சியருக்கு அவர் செய்கிற ஒரு தொலைபேசி அழைப்புக்கு நடைமுறையில் எடை உண்டு, சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், பேரவையின் மனுக்கள் குழு என்று ஒன்றும் இருக்கிறது. அவர் எந்தக் கட்சி, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதையெல்லாம் அந்த மேசையில் பேசவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. குடிநீர் வழங்கல், துப்புரவு போன்ற பொதுப்பயன்பாட்டுச் சேவைகளை விசாரிக்க நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு, அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. உங்கள் விஷயத்தை அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று ஆணைக்குழுவில் கேளுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனுவும் போடலாம். அங்கே பெரும்பாலும் 'இவர்கள் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள்' என்ற உத்தரவுதான் கிடைக்கும். பரிசீலிக்க ஒரு மனு முதலில் இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் மேலே அவ்வளவு நேரம் மனுவைப் பற்றிப் பேசினேன்.

நீங்கள் நிற்பது

நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஆகவே எந்தக் கட்சியிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு வந்தால்தான் நிற்க முடியும் என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. அப்படி இல்லை, பொது வார்டிலும் பெண்கள் நிற்கலாம். பாதி இடம் ஒதுக்கீடு என்பது குறைந்தபட்சம்.

'தலைவரம்மா கதைதான் உனக்கும்' என்று வீட்டில் சொல்கிறார்களாம். அந்த அம்மாவின் கணவர் மன்றக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்காரச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யார் எடுத்த முடிவும் செல்லாது. வார்டு உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து 'இவர் யார்?' என்று கேட்டிருந்தால் போதும். ஐந்து வருடமும் யாரும் கேட்கவில்லை. ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். நீங்கள் சின்னது என்று நினைக்கிற பதவிக்கு அவ்வளவு தூரம் கை நீளும்.

வேட்புமனுவுக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. ஊராட்சிக்குச் சேர வேண்டிய தொகைக்கு நோட்டீஸ் வந்து, கெடு முடிந்தும் கட்டாமல் வைத்திருந்தால் அது தேர்தலில் நிற்கத் தகுதியின்மை. உங்களுக்கு எதிராக நிற்கப்போகிறவர் வேட்புமனுப் பரிசீலனையில் முதலில் தூக்கிப் பிடிப்பது அதைத்தான். தெரு என்ன முடிவு எடுத்திருந்தாலும் சரி, உங்கள் வீட்டு வரியை இந்த மாதமே கட்டிவிடுங்கள். இணையத்திலும் கட்டலாம். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் பாக்கி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், ரசீதை மனுக்களின் ஒப்புகைச் சீட்டோடு ஒரே கோப்பில் போடுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் வார்டு எண்ணும் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மறுவரையறையில் தெருக்கள் வார்டு மாறுவது உண்டு.